பழைய சாமான் தேடிப் போகிறவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள்

திருநகரில் எங்கள் வீட்டு முன்னறைச் சுவரோரம் இரண்டு தட்டு அடித்து வைத்திருக்கிறேன். தூக்குவாளி, கூஜா, பல்லாங்குழி, படி, உழக்கு, ஒரு வால்வு ரேடியோ எல்லாம் அதில்தான் இருக்கின்றன. ரவிக்கை தைக்கக் கொடுக்க வருகிறவர்கள் அளவு கொடுத்து முடிப்பதற்குள் அந்தத் தட்டைப் பார்த்துவிடுவார்கள். அப்புறம் எங்கே வாங்கினீர்கள், எவ்வளவுக்கு, அசல்தானா என்று ஆரம்பிக்கும். இருபது வருடமாக அதே கேள்விகள்தான். வாயில் குண்டூசியை வைத்துக்கொண்டு பதில் சொல்லி மாளவில்லை. அதனால் எழுதி வைக்கிறேன். நான் வியாபாரி இல்லை, தையல்காரி. வாரத்தில் ஒரு காலைப்பொழுது சுற்றுவேன், அவ்வளவுதான்.

அக்கா, இதெல்லாம் மதுரையில எங்க கிடைக்குது? கடை பேரைச் சொல்லுங்க, நேரா போயிருறேன்.

கடைப் பெயர் சொல்லிப் பயனில்லை. போன மாதம் எனக்குக் கூஜா கொடுத்த கடையில் இந்த மாதம் சைக்கிள் ரிம்மும் தகரமும்தான் இருக்கும். இடத்தின் வகையைச் சொல்கிறேன். ஒவ்வொரு பேட்டையிலும் காயலான் கடை இருக்கிறது. பித்தளை, செம்பு முதலில் வந்து விழுவது அங்கேதான். கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளிலும் வெண்கலக் கடைத் தெருப் பக்கமும் உள்ள பாத்திரக் கடைகளில் பழையதை எடைக்கு எடுத்துக்கொண்டு புதியது கொடுப்பார்கள். அந்தப் பழையது ஒரு மூட்டையாகக் கடையின் பின்பக்கம் கிடக்கும். வீடு இடிக்கிறவர்களிடம் கதவு, நிலை, அலமாரி. பழைய பேப்பர் கடையில் புத்தகம். முன்பு புதுமண்டபத்துக்குள் ஒரு சுற்று வந்தாலே பாத்திரம், புத்தகம் இரண்டையும் பார்த்துவிடலாம். திருமலை நாயக்கர் கட்டிய அந்த மண்டபத்தில் இருந்த கடைகளை இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிவிட்டார்கள்.

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுக்கு ஒரு முறை கட்டாயம் போய் வாருங்கள். இங்கிருந்து 90 கிலோமீட்டர்தான். ஆனால் வாங்க வேண்டாம், பாருங்கள். செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வந்த மங்குச் சாமான் (எனாமல் பூசிய பாத்திரம்), பீங்கான் ஜாடி, மரப்பெட்டி எல்லாம் கையில் எடுத்துப் பார்த்தால் கண் பழகும். அங்கே பொருளுக்குத் தன் விலை தெரியும். நமக்கு வேண்டியது தன் விலை தெரியாத பொருள்.

காயலான் கடையில போய் என்னன்னு கேக்குறது? ஒரு மாதிரியா பாக்குறாங்களே.

"ஆன்டிக் இருக்கா" என்று மட்டும் கேட்காதீர்கள். அந்த ஒரு சொல்லில் விலை இரட்டிப்பாகும். "பழைய பித்தளை எதுவும் வந்துருக்காண்ணே? நசுக்குறதுக்கு முன்னாடி ஒருக்கா பாத்துக்கிறேன்" என்று கேளுங்கள். அவருக்கு அது சரக்கு. லாரி வந்தால் ஏற்றிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்க வேண்டும். உருக்குகிறவர் கொடுப்பதைவிடக் கொஞ்சம் கூடக் கொடுக்கிறீர்கள் என்று தெரிந்தால் அவருக்கும் லாபம்தான். லோடு இறக்கும் நேரத்திலும் எடை போடும் நேரத்திலும் குறுக்கே நிற்காமல் இருந்தாலே பாதி மரியாதை கிடைத்துவிடும்.

நான் போகும் ஒரு கடையில் முதல் இரண்டு மாதம் அண்ணன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. மூன்றாவது மாதம் "அந்தச் சாக்குல என்னவோ கிடக்கு, பாருங்க" என்றார். இப்போது போனே வரும். இந்த வேலையில் உண்மையான சொத்து அந்தப் போன்தான்.

எத்தனை தடவ போனா ஒரு நல்ல பொருள் கிடைக்கும்?

என் கணக்கில் பத்துக்கு எட்டு தடவை வெறுங்கை. ஒரு பொருளை மனதில் வைத்துக்கொண்டு போனால் பத்துக்குப் பத்தும் வெறுங்கைதான். "இன்னைக்கு எப்படியும் ஒண்ணு வாங்கிரணும்" என்று போகிற நாளில்தான் ஓட்டைக் குடத்தை வாங்கிக்கொண்டு வருவோம்.

என் கூஜாவைப் பார்த்திருப்பீர்கள். ரயிலில் தண்ணீர் கொண்டுபோவார்களே, மறை போட்ட மூடியும் கைப்பிடியும் வைத்தது. நான் வாங்கும்போது அதற்கு மூடி கிடையாது. மூடி இல்லாததால் எடைக்குக் கொடுத்தார்கள். அன்றிலிருந்து எந்தக் கடைக்குப் போனாலும் சில்லறைச் சாமான் கிடக்கும் டப்பாவைத் துழாவுவது வழக்கமாயிற்று. மறையின் சுற்றளவை நூலில் எடுத்துப் பர்ஸில் வைத்திருந்தேன், தையல்காரி புத்தி. நாலு வருடம் கழித்து ஒரு டப்பாவில், ஆணிகளுக்கு அடியில், ஒரு மூடி. நூலைப் போட்டுப் பார்த்தேன், சரியாக இருந்தது. வீட்டுக்கு வந்து திருகினால் இரண்டு சுற்றுக்கு அப்புறம் கொஞ்சம் இறுகும், ஆனாலும் மூடும். மூடியின் விலை பத்து ரூபாய். அந்த நாலு வருடத்தில் கடையில் புதிதாக வார்த்த மூடி வாங்கியிருக்கலாமே என்று என் மகன் கேட்டான். கேட்டால் கேட்டுவிட்டுப் போகட்டும்.

எந்த மாசம் போனா நல்லது?

மார்கழிக் கடைசியிலிருந்து தை பாதி வரை. பொங்கலுக்கு வெள்ளையடிக்கப் பரணை இறக்குவார்கள், பரணில் இருந்தது தெருவுக்கு வரும். அடுத்தது கோடை விடுமுறை, வீடு மாறும் காலம். ஆடியில் கடைக்காரருக்கு வியாபாரம் மந்தம், உட்கார்ந்து பேச நேரம் இருக்கும். கல்யாண மாதங்களில் போகாதீர்கள். சீர்ப் பாத்திரம் மாற்ற வருகிற கூட்டத்தில் நம்மை யாரும் கவனிக்க மாட்டார்கள்.

பித்தளையா, முலாமான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? வெண்கலம்னு சொல்லி பித்தளையக் குடுத்துர்றாங்களே?

பையில் ஒரு சின்னக் காந்தம் வைத்துக்கொள்ளுங்கள். பித்தளை, செம்பு, வெண்கலம் எதையும் காந்தம் இழுக்காது. ஒட்டினால் உள்ளே இரும்பு. ஒட்டாவிட்டாலும் அடிப்பக்கம் தேய்ந்த இடத்தைப் பாருங்கள். முலாம் என்றால் அங்கே வேறு நிறம் தெரியும்.

செம்போடு துத்தநாகம் சேர்ந்தால் பித்தளை, வெள்ளீயம் சேர்ந்தால் வெண்கலம். வெண்கலப் பானையை வார்த்துச் செய்வார்கள். அதனால் சுவர் கனமாக இருக்கும், சுண்டினால் கோயில் மணி மாதிரி நின்று ஒலிக்கும். தகட்டில் அடித்த பித்தளை சீக்கிரம் ஓய்ந்துவிடும். இன்னொன்று, பித்தளை கீழே விழுந்தால் நசுங்கும். வெண்கலம் விழுந்தால் விரிசல் விடும். எனவே "வெண்கலம்" என்று சொல்லும் பானையில் நசுங்கல் இருந்தால் சந்தேகப்படுங்கள். சுண்டும்போது கரகரப்பாக ஒலித்தால் எங்கோ மயிரிழை விரிசல் இருக்கிறது, அதை அடுப்பில் ஏற்ற முடியாது.

எனக்குப் பேரம் பேசவே வராது. விலை எப்படித்தான் பேசுறது?

முதலில் அன்றைக்குப் பழைய பித்தளை கிலோ என்ன விலைக்குப் போகிறது என்று வேறு கடையில் கேட்டுக்கொண்டு போங்கள். அதுதான் தரைவிலை. ஒரு பேச்சுக்குக் கிலோ 450 என்று வையுங்கள். இரண்டு கிலோ குடம் உருக்குகிறவரிடம் 900 பெறும். அதற்குக் கீழே கேட்டால் எந்தக் கடைக்காரரும் கொடுக்க மாட்டார், கேட்பதும் அழகில்லை. அதற்கு மேலே எவ்வளவு என்பதுதான் பேரம். அண்ணன் 1,500 சொன்னால் 1,100க்கும் 1,200க்கும் நடுவில் எங்கேயோ முடியும். பொருளைக் குறை சொல்லி விலை குறைக்கப் பார்க்காதீர்கள். குறையிருந்தால் உனக்கெதற்கு என்றுதான் அவருக்குத் தோன்றும். உங்கள் விலையைச் சொல்லிவிட்டுச் சும்மா நில்லுங்கள். காலையில் போணி ஆகாத நேரத்தில் போனால் ஒத்து வரும். ஆனால் போணி நேரத்தில் கேட்டுவிட்டு வாங்காமல் திரும்பினால் அடுத்த தடவை முகம் கொடுக்க மாட்டார்கள்.

இந்தப் பேரமெல்லாம் கடையில்தான். வீட்டுக்காரர்களே கொண்டுவந்து விற்கும்போது நான் பேரம் பேசுவதில்லை. ஆஸ்பத்திரிச் செலவுக்குக் குத்துவிளக்கை விற்க வருகிறவரிடம் இருநூறு ரூபாய் குறைத்து வாங்கி அந்த விளக்கை ஏற்ற எனக்குக் கை வராது.

பேர் வெட்டின பாத்திரத்த வாங்கலாமா? வாங்கினா பேர அழிச்சிரணுமா?

வாங்குங்கள், அழிக்காதீர்கள். பாலிஷ் போடுகிற இடத்தில் கேட்காமலே தேய்த்துவிடுவார்கள், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பேர் இருப்பதால் கடைக்காரர் விலையைக் குறைப்பார். எனக்கோ பேர் இருந்தால்தான் அது பாத்திரம்.

நம் ஊரில் சீர்ப் பாத்திரத்தில் பேர் வெட்டாமல் கொடுக்க மாட்டார்கள். தலைப்பெழுத்து, சில சமயம் ஊர், சில சமயம் வருடம். பழைய வேலை என்றால் சிற்றுளியால் புள்ளி புள்ளியாகத் தட்டியிருப்பார்கள், விரலால் தடவினால் தட்டுப்படும். மின்சார ஊசியில் எழுதியது நடுங்கின மாதிரி ஒரே கோடாக ஓடும், அது பிற்காலத்து வேலை. ஒரே ஆள் வெட்டியதென்றால் கையெழுத்து மாதிரி அடையாளம் தெரியும்.

அப்படித்தான் ஒரு தடவை ஆயிற்று. செல்லூரில் வாங்கிய ஒரு குடத்தில் "ச. மீ. 1953" என்று இருந்தது. "மீ"யின் சுழி மட்டும் வழக்கத்தைவிடப் பெரிது. ஒன்றரை வருடம் கழித்துப் பழங்காநத்தம் பக்கம் ஒரு செம்பு எடுத்தேன். அதே ச. மீ., அதே சுழி. அதற்கடுத்த பொங்கலில் திருமங்கலத்தில் ஒரு தவலை. மூன்று கடைக்காரர்களுக்கும் ஒருவரை ஒருவர் தெரியாது. ஒரு வீட்டில் பாகம் பிரித்து, மூன்று பிள்ளைகள் மூன்று திசைக்குக் கொண்டுபோய், மூன்று பேருமே எடைக்குப் போட்டிருக்க வேண்டும் என்பது என் ஊகம். இப்போது மூன்றும் ஒரே தட்டில் இருக்கின்றன. யார் அந்த ச. மீ. என்று தெரியாது. பெண் என்று மட்டும் நினைத்துக்கொள்கிறேன்.

செத்தவங்க சாமான வீட்டுக்குள்ள கொண்டாரலாமா? எங்க அத்த ஒத்துக்கவே மாட்டேங்குறாங்க.

உங்கள் அத்தை குடியிருக்கும் வீட்டை யார் கட்டினார்கள் என்று கேட்டுப் பாருங்கள். சரி, கேட்க வேண்டாம், வம்பு. கட்டில், தலையணை, உடுத்திய பருத்தித் துணி நானும் வாங்குவதில்லை. அது நம்பிக்கை பாதி, மூட்டைப்பூச்சி பாதி. பாத்திரத்துக்கு நம் முன்னோர் சொன்னதே புளி, சாம்பல், வெயில். அத்தை கையிலேயே புளியைக் கொடுத்துத் துலக்கச் சொல்லுங்கள். துலக்கி முடிந்து தகதகவென்று வந்ததும் அது அத்தையின் பாத்திரம் ஆகிவிடும். எங்கள் வீட்டில் அப்படித்தான் நடந்தது.

பழைய பித்தளையில சமைக்கலாமா?

ஈயம் பூசியிருந்தால் சமைக்கலாம். பூசாத பித்தளையிலோ செம்பிலோ புளி, தக்காளி, எலுமிச்சை, மோர் பட்டால் உலோகம் கரைந்து கைக்கும், வயிற்றைப் பிரட்டும். உள்ளே வெள்ளைப் பூச்சு தேய்ந்து மஞ்சள் தெரிந்தால் திரும்பப் பூச வேண்டும். பாத்திரத்தைச் சூடாக்கி, நவச்சாரம் தூவி, உருகிய வெள்ளீயத்தைப் பஞ்சால் தேய்த்து விடுவார்கள். தெருவில் கூவிக்கொண்டு வந்த பூச்சுக்காரர்கள் இப்போது குறைந்துபோனார்கள். பாத்திரக் கடையில் கேட்டால் ஆள் சொல்வார்கள்.

ஈயச்சொம்புன்னா ஈயம்தானே? விஷம்ங்கிறாங்களே?

தமிழில் ஈயம் என்ற ஒரே சொல் இரண்டு உலோகத்துக்கும் ஓடுகிறது. ரசம் வைக்கும் ஈயச்சொம்பு வெள்ளீயத்தில் செய்ய வேண்டியது, அது விஷமில்லை. காரீயம் விஷம். பயம் கலப்படத்தால் வருவது. காரீயம் வெள்ளீயத்தைவிட ஒன்றரை மடங்கு கனம். வெள்ளைத் தாளில் கீறினால் பென்சில் மாதிரி கோடு விழும். அப்படி விழுந்தால் அந்தச் சொம்பு வேண்டாம். கோடு விழாவிட்டாலும் கொஞ்சம் கலந்திருக்காது என்று சத்தியம் செய்ய முடியாது. எனவே காயலான் கடைச் சொம்பை நான் அலங்காரத்துக்கு வைத்துக்கொண்டு, ரசத்துக்குத் தெரிந்த கடையில் புதிது வாங்கினேன். வெள்ளீயம் 232 டிகிரியில் உருகிவிடும். ரசத்தை ஊற்றாமல் அடுப்பில் வைத்தால் சொம்பு கண்ணெதிரே ஒழுகும். ஒரு தடவை பார்த்தாயிற்று.

எத்தன வருஷப் பழசுன்னு எப்படித் தெரியும்? கடைக்காரர் எல்லாத்தையும் நூறு வருஷம்ங்கிறார்.

மதுரையில் விற்கும் எதற்கும் நூறு வருடம்தான் வயது. எழுத்து இருக்கும் பொருள் என்றால் அவர் சொல்வதைக் கேட்க வேண்டியதில்லை, நாமே படித்துவிடலாம். டப்பா, எனாமல் போர்டு, புத்தகம், ரசீது எதுவானாலும் சரி. அணாவில் விலை போட்டிருந்தால் 1957 ஏப்ரலுக்கு முந்தைய கணக்கு. "நயா பைசா" என்றால் 1957க்கும் 1964க்கும் நடுவில். முகவரியில் ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் 1972க்கு அப்புறம்தான், ஏனென்றால் அந்த வருடம் ஆகஸ்டில்தான் பின்கோடே வந்தது. "சென்னை ராஜ்யம்" என்றால் 1969க்கு முன். "மதுரை ஜில்லா, திண்டுக்கல்" என்றோ "ராமநாதபுரம் ஜில்லா, சிவகாசி" என்றோ இருந்தால் 1985க்கு முன், அந்த ஆண்டில்தான் மாவட்டங்களைப் பிரித்தார்கள். அடியில் செக்கோஸ்லோவாக்கியா என்று முத்திரை குத்திய மங்குத் தட்டு, அந்த நாடே இருந்த 1918க்கும் 1992க்கும் இடைப்பட்டது.

தமிழ் எழுத்தின் வடிவமும் வயதைச் சொல்லும். லை, ணை, னை எழுத்துகளுக்கு இப்போதைய கொம்புக்குப் பதில் யானைத் துதிக்கை மாதிரி வளைவு போட்டிருந்தால், றா, னா தனிக் கால் இல்லாமல் சுழித்திருந்தால், அது 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சாக இருக்க வாய்ப்பு அதிகம். கையால் எழுதியதில் இது செல்லாது, எங்கள் அப்பா கடைசி வரை துதிக்கை போட்டுத்தான் எழுதினார். எழுத்தே இல்லாத பித்தளைக்கு வயது சொல்வது குத்துமதிப்புத்தான். அதற்காகக் கூடுதல் விலை கொடுக்காதீர்கள்.

வால்வு ரேடியோ கிடைச்சது. வீட்டுக்கு வந்ததும் பிளக்கச் சொருகிப் பாக்கலாமா?

கூடாது. பல வருடம் கிடந்த செட்டில் கண்டென்சர்கள் காய்ந்திருக்கும். நேராக மின்சாரம் கொடுத்தால் புகை வந்து, பிழைக்கக்கூடிய டிரான்ஸ்ஃபார்மரும் போய்விடும். தெரிந்த மெக்கானிக் முதலில் ஒரு குண்டு பல்பைத் தொடரில் இணைத்துப் பார்ப்பார். பல்பு பிரகாசமாக எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட். சில மாடல்களில் டிரான்ஸ்ஃபார்மரே கிடையாது, உள்ளே இருக்கும் தகரச் சட்டத்திலேயே மின்சாரம் ஓடும். பின்பலகையைக் கழற்றிக் கையை விட்டுவிடாதீர்கள். வாங்கும்போது நான் பார்ப்பது மூன்று: ஸ்டேஷன் பேர் எழுதிய கண்ணாடி உடையாமல் இருக்கிறதா, குமிழ்கள் நாலும் இருக்கின்றனவா, வால்வுகளை யாரும் பிடுங்கவில்லையா. மற்றதெல்லாம் சரி செய்யலாம், கண்ணாடி கிடைக்காது. கண்ணாடியில் "சிலோன்" என்ற பெயரைப் பார்த்ததும் விலை கேட்காமல் வாங்கிய ஆள்களைத் தெரியும். அவர்களில் நானும் ஒருத்தி.

பித்தளைக் குழாய் வச்ச கிராமபோன் சல்லிசா வருது. வாங்கிரவா?

பளபளவென்று பித்தளைக் குழாயும், எட்டு மூலைப் பெட்டியும், நாய்ப்படத் தகடும் இருந்தால் பெரும்பாலும் வடக்கே புதிதாகச் சேர்த்துச் செய்தது. உள்ளே இருக்கும் மோட்டார் ஏதாவது ஒரு பெட்டி மாடலிலிருந்து கழற்றியதாக இருக்கும். நம் பக்கத்து வீடுகளில் அதிகம் இருந்தது சூட்கேஸ் மாதிரி மூடும் பெட்டி மாடல்தான். அழகு குறைவு, அசலாக இருக்கும். இசைத்தட்டு அரக்கில் செய்தது, அப்பளம் மாதிரி உடையும். ஒரு பக்கத்துக்கு ஒரு இரும்பு ஊசி, தேய்ந்த ஊசியைத் திரும்பப் போட்டால் தட்டு கெடும்.

எச்.எம்.டி. வாட்சு முந்நூறு ரூபாய்க்கு, புத்தம் புதுசா இருக்கே?

அதுதான் பிரச்சினை. எச்.எம்.டி. 1961இல் பெங்களூரில் வாட்சு செய்ய ஆரம்பித்தது, கைக்கடிகாரப் பிரிவை 2016இல் மூடிவிட்டார்கள். அறுபதுகளின் வாட்சு நேற்று வாங்கியது போலப் பளபளத்தால் முகப்பை மறுபடி பெயின்ட் அடித்திருக்கிறார்கள். எழுத்து தடித்து, கோணலாக, அசல் மாடலில் இல்லாத ஆரஞ்சு, பச்சை நிறங்களில் இருக்கும். மணி பார்க்கப் போதும், சேகரிக்க ஆகாது. கொஞ்சம் பழுப்பேறிய முகப்போடு, சாவி கொடுத்தால் ஓடுகிற ஜனதா மாடல் கிடைத்தால் விடாதீர்கள்.

மர அலமாரி உளுத்திருக்கான்னு எப்படிப் பாக்குறது?

துளை இருப்பது குற்றமில்லை. துளைக்குள் வெளிறின நிறமும், தட்டினால் மாவு மாதிரி புதுத் தூளும் வந்தால் வண்டு உள்ளே இருக்கிறது. அடியில் வெள்ளைத் தாள் விரித்து இரண்டு நாள் கழித்துப் பார்க்கச் சொல்லுங்கள். விற்கிறவர் மறுத்தால் அதுவே பதில். பின்பலகை பிளைவுட்டாக இருந்தால் பிற்காலத்து ஒட்டு. எல்லாத் தேக்கும் கடை வாசலுக்கு வந்ததும் பர்மாத் தேக்காகிவிடும், நூறு வருடக் கதை மாதிரிதான்.

பழைய சுங்குடி, பட்டுச்சேலை வாங்கலாமா?

இது என் தொழில் சார்ந்தது, அதனால் கொஞ்சம் கறாராகச் சொல்வேன். கையால் முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றிய சுங்குடியில் புள்ளிகள் ஒன்றுபோல் இருக்காது. முடிச்சு இருந்த இடத்தில் துணி லேசாகக் குவிந்திருக்கும். அச்சுப் புள்ளி எல்லாம் ஒரே அளவு, துணி தட்டையாக இருக்கும். மதுரைச் சுங்குடிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2005இல். ஆனால் குறியீட்டுச் சீட்டு இல்லாத பழைய சேலைக்கு நம் விரல்தான் சாட்சி.

பட்டில் மடிப்பை மட்டும் பாருங்கள். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் மடிப்போரம் சல்லடையாக இருக்கிற சேலையைத் தைக்க முடியாது, ஊசி பட்டாலே கிழியும். "பழைய பட்டு எடுக்கிறோம்" என்று தெருவில் வருகிறவர்களுக்கு வேண்டியது ஜரிகையில் இருக்கும் வெள்ளி. சேலை நன்றாக இருந்தால் அவர்களிடம் போடாமல் முதலில் வேறு யாரிடமாவது காட்டுங்கள்.

பழைய புத்தகத்த எடைக்கு வாங்கி என்னக்கா பண்ணப் போறீங்க?

காரைக்குடிப் பக்கம் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்று ஒருவர் இருந்தார். விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். வாழ்நாள் முழுக்கப் பழைய புத்தகம், பத்திரிகை, நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை என்று மற்றவர்கள் கழித்ததைச் சேர்த்தார். 1992இல் அவர் இறந்தபோது ஏறத்தாழ ஒரு லட்சம் உருப்படிகள் இருந்தன. சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கி, 1994இல் சென்னையில் அவர் பெயரிலேயே ஆய்வு நூலகமாக்கியது. இன்று தமிழ் அச்சு வரலாற்றை ஆராய்கிறவர்கள் அங்கே போகாமல் இருக்க முடியாது.

நான் அவ்வளவெல்லாம் ஆசைப்படவில்லை. பாண்டித்துரைத் தேவர் 1901இல் தொடங்கிய மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் "செந்தமிழ்" இதழ் ஒன்று எடைக்கு வாங்கும் புத்தகக் கட்டில் வந்தாலும் போதும். இதுவரை வரவில்லை. கிடைத்ததெல்லாம் சமையல் குறிப்பு எழுதிய நோட்டுகள். அவற்றைப் பார்த்து இரண்டு ஊறுகாய் போட்டிருக்கிறேன்.

பழைய நாணயம் லட்சக்கணக்குல போகுதாமே? யூடியூப்ல காட்டுறாங்க.

முன்பணம் கேட்டால் அத்தோடு விட்டுவிடுங்கள். பழைய நாணயம், நோட்டு வாங்கி விற்பதற்காகக் கமிஷன் கேட்டு ரிசர்வ் வங்கி பெயரில் மோசடி நடக்கிறது என்று அந்த வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்தது. தாங்கள் அந்த வேலையே செய்வதில்லை என்றும் சொன்னது.

பிரிட்டிஷ் கால ஒரு ரூபாயை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். 1939 வரை போட்ட வருடம் என்றால் 11.66 கிராமில் நூற்றுக்கு 91.7 பங்கு வெள்ளி. 1940 முதல் 1945 வரை பாதிதான் வெள்ளி. 1947 ரூபாய் நிக்கல், மேலே சொன்ன காந்தம் அதை இழுக்கும். எந்த நாணயத்தையும் புளி போட்டுத் துலக்காதீர்கள். பாத்திரத்துக்குச் சொன்னது இதற்கு ஆகாது, சேகரிக்கிறவர்கள் துலக்கிய நாணயத்தைத் தொடவே மாட்டார்கள்.

எங்க ஊர்ல ஒருத்தர்கிட்ட அரிசிய இழுக்குற செம்பு இருக்காம். நெசமா?

பொய். ரைஸ் புல்லிங், இரிடியம் கலசம் என்று எந்தப் பெயரில் வந்தாலும் பொய். எந்தச் செம்பும் அரிசியை இழுக்காது. சோதனைக்கு ஆள் வர, அவருக்குப் பாதுகாப்பு உடை வாங்க என்று பணம் கறக்கும் கூட்டம் அது. நாணய விஷயத்தில் சொன்ன விதியே இங்கும்.

சாமி சிலை, மான்கொம்பு வந்தா வாங்கலாமா?

தொடாதீர்கள். நூறு வருடத்துக்கு மேற்பட்ட சிலை, சிற்பம், ஓவியம் எல்லாம் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்துக்குள் வரும். வரலாற்று, இலக்கிய மதிப்புள்ள சுவடிக்கு 75 வருடமே போதும். வாங்கி விற்பதைத் தொழிலாகச் செய்ய உரிமம் வேண்டும், தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. மண்ணுக்கடியில் கிடைத்தது என்றால் அதற்கு 1878ஆம் ஆண்டிலிருந்தே தனிச் சட்டம் இருக்கிறது, கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். கீழடிப் பக்கம் வயலில் கிடைத்தது என்று யாராவது பானை ஓடு, மணி கொண்டுவந்தால் வாங்கி ஊக்கப்படுத்தாதீர்கள். மான்கொம்பு, யானைத் தந்தம், புலிநகம் மூன்றும் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் மாட்டும். தாத்தா காலத்திலிருந்து சுவரில் தொங்குகிறது என்ற பதில் விற்பனைக்கு உதவாது.

திருட்டுச் சாமானா இருந்துட்டா?

திருட்டு என்று தெரிந்தோ, அப்படி நினைக்கக் காரணம் இருந்தோ வாங்கினால் குற்றம். பேர் வெட்டிய இடத்தை மட்டும் புதிதாக ராவியிருந்தால், கோயில் பெயரோ "உபயம்" என்ற சொல்லோ இருந்தால், சாக்கோடு கொண்டுவந்து அவசரப்படுகிற ஆளாக இருந்தால் விலகிவிடுங்கள். நிலையான கடையில், துண்டுச் சீட்டானாலும் தேதி போட்டு வாங்கி வையுங்கள்.

இதெல்லாம் திரும்ப வித்தா லாபம் வருமா?

பித்தளை எடைக்குக் குறையாது, அந்த அளவில் நஷ்டமில்லை. மற்றபடி நான் போன நாள்கள், பெட்ரோல், குடித்த டீ எல்லாம் கூட்டினால் லாபம் என்று சொல்ல மாட்டேன். இடம்தான் பெரிய செலவு. ஒன்று உள்ளே வந்தால் ஒன்று வெளியே என்று வீட்டுக்காரர் சட்டம் போட்டிருக்கிறார், பாதி நாள் கடைப்பிடிக்கிறேன்.

தவறவிட்டுட்டோமேன்னு நெனைக்கிற பொருள் எதுவும் இருக்கா?

இருக்கிறது. மூன்று ச. மீ. பாத்திரங்கள் பற்றிச் சொன்னேன் அல்லவா? ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் திருமங்கலத்து அண்ணன் போன் செய்தார். "அதே மாதிரி பேர் போட்ட அடுக்கு ஒண்ணு வந்துருக்கு, அஞ்சு உருப்படி" என்றார். மறுநாள் ஒரு கல்யாணத்துக்கு ஏழு ரவிக்கை முடித்துக் கொடுக்க வேண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றேன். அவர் கடையில் இல்லாத நேரம் பையன் லோடு ஏற்றிவிட்டான். பெரிய "மீ" சுழியோடு அது உலைக்குப் போயிருக்கும்.

இப்போதும் அந்தப் பக்கம் போனால் வண்டியை நிறுத்துவேன். அண்ணன் என் முகத்தைப் பார்த்ததுமே, "அது போயிருச்சும்மா, சாக்குல வேற என்னவோ கிடக்கு, பாருங்க" என்பார். பார்ப்பேன்.